பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும்: கார் விளக்குக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தேனியிலிருந்து மதுரைக்கு வரும் வழி, இரவு ஒன்பது மணி இருக்கும். உசிலம்பட்டியில் டீ குடிக்க வண்டியை ஓரம் கட்டினேன். பின்னாலேயே வந்து நின்ற காய்கறி மினி லாரியிலிருந்து இறங்கியவர் டீக்கடைப் பக்கம் போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, உங்க வண்டில பிரேக் லைட் எரியல. கணவாய் இறக்கத்துல ரெண்டு தடவ உங்க மேல ஏத்தப் பாத்தேன்.”

“ஒண்ணாண்ணே, ரெண்டுமாண்ணே?”

“ஒண்ணுகூட எரியலங்கிறேன்.”

எத்தனை நாளாக எரியவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆண்டிபட்டிக் கணவாயை அந்த மாதம் மட்டும் நாலு தடவை கடந்திருப்பேன். எஞ்சின் இருமினால் ஓட்டுகிறவனுக்குக் கேட்கும், டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் சொல்லும். விளக்கு மட்டும் அப்படியில்லை. கெட்டுப்போனால் வண்டிக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால் மற்றவர்கள் சாலையில் என்ன செய்கிறார்கள் என்பதையே அறிகுறியாக வைத்து இதை எழுதுகிறேன். அவர்கள் கத்துகிறார்களா, டிப் அடிக்கிறார்களா, கையை ஆட்டிவிட்டுப் போகிறார்களா என்று பாருங்கள். காரணம் வண்டிக்குள் இருக்கும், சில சமயம் நம் கையில் இருக்கும்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவர், ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் டெஸ்டர், ஒரு துண்டு உப்புத்தாள், நாலைந்து ஃபியூஸ். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

பின்னால் வருகிறவர் திடீர் திடீரென்று பிரேக் போடுகிறார், ஹாரனை அழுத்துகிறார்

முதலில் பிரேக் லைட்டைச் சந்தேகப்படுங்கள். சோதிக்க இன்னொரு ஆள் தேவையில்லை. இருட்டியபின், இறக்கிவிட்ட கடை ஷட்டர் ஏதாவது இருந்தால் அதற்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்தி பிரேக்கை மிதித்தால், ஷட்டரில் சிவப்பு எப்படி விழுகிறது என்று உள்கண்ணாடியில் பார்த்துவிடலாம். இடது, வலது, மேலே நடுவில் இருக்கும் மூன்றாவது என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு. டிக்கியைத் திறந்து உள்பக்க மூடியை எடுத்து ஹோல்டரைத் திருகினால் பல்பு கையோடு வந்துவிடும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 21/5 வாட் பல்பு, உள்ளே இரண்டு இழை இருக்கும். 5 வாட் இழை இரவு முழுக்க எரிவதற்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. டெயில் லைட் எரிகிறதே, பல்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று ஏமாறுவது இதனால்தான். பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஒரு இழை அறுந்து ஆடிக்கொண்டிருக்கும், கண்ணாடி உள்ளே கருத்திருக்கும். புதியதைப் போடும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு குமிழ்கள் ஒரே உயரத்தில் இருக்காது, ஒரு வழியில்தான் உள்ளே போகும். அவசரத்தில் மாற்றித் திணித்தால் இழைகள் இடம் மாறிவிடும். அப்புறம் டெயில் லைட் எப்போதும் பிரேக் பிடித்த மாதிரி எரியும், நிஜமாக பிரேக் பிடித்தால் பெரிதாக எதுவும் தெரியாது. இப்படி ஓடும் வண்டிகளுக்குப் பின்னால் நான் போயிருக்கிறேன். இருபது கிலோமீட்டரும் காலை ஆக்ஸிலேட்டரில் வைக்கவா எடுக்கவா என்றே தெரியாது.

மூன்றுமே எரியவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது சுவிட்ச். ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எது எதற்கு என்று போட்டிருக்கும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எரிந்துபோனதன் நிறத்திலேயே புதியது போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஃபியூஸ் செய்யும் நிபுணர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்றாது, கொளுத்தும்.

ஃபியூஸ் சரியாக இருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு பெடலுக்கு மேலே தலையை நுழையுங்கள். பெடல் தண்டு மேலே முட்டி நிற்கும் இடத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அதன் கப்ளரை (வயர்கள் வந்து செருகியிருக்கும் பிளக்) கழற்றி இரண்டு முனையையும் ஒரு வயர்த்துண்டால் சேர்த்தால் பின்னால் விளக்கு எரிகிறதா? எரிந்தால் சுவிட்ச் போச்சு. எனக்கு அதுதான். உள்ளே தொடுமுனை கருகியிருந்தது. மாற்றப் பத்து நிமிடம், செலவு குடும்பத்தோடு ஒரு வேளை டிபன் சாப்பிடும் காசு. புஷ் பட்டன் வண்டிகள் சிலவற்றில் இந்த சுவிட்ச் போனால் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. ஒரு வகையில் அந்த வண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அன்றைக்கே தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. காலை எடுத்த பின்னும் பிரேக் லைட் அணையாது, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். அப்படியானால் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள், கடலைத்தோல் மாதிரி பிளாஸ்டிக் துணுக்குகள் கிடக்கலாம். பல வண்டிகளில் பெடல் தண்டில் ஒரு ஓட்டை இருக்கும், அதை அடைத்து ஒரு சிறிய பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும், சுவிட்சின் முனை அதன்மேல்தான் முட்டி நிற்கும். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து அது ஒருநாள் நொறுங்கிவிடும். முனை ஓட்டைக்குள் புகுந்துகொள்ளும், பெடலை யாரோ மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று சுவிட்ச் நினைத்துக்கொள்ளும். பொத்தான் கிடைக்கும்வரை அந்த ஓட்டையில் ஒரு சிறிய போல்ட் நட்டை முடுக்கி ஓட்டலாம். எங்கள் தெரு வயரிங்காரர் ஒருவர் ‘கிடைக்கும்வரை’ என்று சொல்லிப் போட்ட போல்ட் ஆறு வருடமாக ஓடுகிறது.

நான் டிம்மில்தான் வருகிறேன், எதிரே வருகிறவர்கள் எல்லோரும் டிப் அடிக்கிறார்கள்

ஒருவர் அடித்தால் அவருக்கு வேறு ஏதோ சொல்ல வேண்டியிருக்கும். தொடர்ந்து ஐந்து பேர் அடித்தால் உங்கள் விளக்கு அவர்கள் கண்ணில் குத்துகிறது.

முதல் சந்தேகம் சுமை. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த அரிசி மூட்டையும் தேங்காயும் என்றால் வண்டியின் பின்புறம் அமுங்கும், மூக்கு தூக்கும், அதோடு வெளிச்சமும் மேலேறும். இதற்கென்றே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எழுதிய ஒரு குட்டிச் சக்கரம் பல கார்களில் இருக்கிறது. ஓட்டுநர் மட்டும் என்றால் 0. சுமை ஏற ஏற எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் தாழும். பத்து வருடம் கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஏசிக்கானது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கூட உண்டு.

இரண்டாவது பல்பு உட்கார்ந்திருக்கும் விதம். ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டும் இருக்கும் எச்4 வகையில் மூன்று காதுகள் இருக்கும், அகலமான காது மேலே வர வேண்டும். சரிந்து உட்கார்ந்தால் டிம் வெளிச்சத்தின் மேல்கோடு கலைந்து எல்லாப் பக்கமும் சிதறும்.

மூன்றாவது காரணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது: ஹாலஜன் கூட்டுக்குள் மாட்டிய எல்இடி பல்பு. “வெள்ளை வெளேர்னு இருக்கும் சார், பகல் மாதிரி” என்று சொல்லித்தான் கடையில் மாட்டிவிடுவார்கள். எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரியும், டிம் இழைக்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு சிறிய தகடு இருக்கும். இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அது மறைக்கிறது. மேல்பாதியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சாலையில் விழுகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தது. எல்இடி பல்பில் ஒளி வருவது தட்டையான சில்லுகளிலிருந்து, அதுவும் பக்கவாட்டில். இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கணக்கு கெடும். விளைவு, உங்கள் பம்பருக்கு முன்னால் பத்தடி தூரம் பளபளவென்று இருக்கும், நூறு மீட்டரில் ஒன்றும் தெரியாது, எதிரே பைக்கில் வருகிறவருக்கு எதுவுமே தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். அவர் கண் தெளிய மூன்று நொடி ஆனால் 66 மீட்டரைக் குருட்டாம்போக்கில் ஓட்டியிருப்பார். தொழிற்சாலையிலேயே எல்இடியோடு வரும் விளக்குகளை நான் சொல்லவில்லை, அவற்றின் கூடு அதற்கென்றே செய்யப்பட்டது. ஹாலஜன் கூட்டில் ஹாலஜன் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இவை எதுவும் இல்லையென்றால் விளக்கின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். சமதளம், வெள்ளைச் சுவர், டயரில் சரியான காற்று, அந்தக் குட்டிச் சக்கரம் 0-வில், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர். சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு எந்த உயரத்தில் விழுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். இனி நேராக 5 மீட்டர் பின்னால் வாருங்கள். மேல்கோடு உங்கள் சாக்பீஸ் கோட்டிலிருந்து சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் அங்கேயே நின்றாலோ மேலே ஏறினாலோ விளக்கின் பின்புறம் இருக்கும் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி இறக்குங்கள். நம் நாட்டில் இடதுபுறம் ஓட்டுவதால் கோட்டின் இடது முனை கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், ஓரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்காக. அது கோளாறு அல்ல. வலது முனை ஏறியிருந்தால்தான் கோளாறு.

சுவர் கிடைக்காதவர்களுக்கு 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே ஒரு சோதனையைச் சொல்லித் தருகின்றன. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்து நிற்கும் ஆளுக்குக் கண் கூசக் கூடாது என்கிறது 106-ஆம் விதி. ஒன்றரை மீட்டர் என்றால் நடுத்தர உயரமுள்ளவரின் கண். வீட்டில் யாரையாவது நிற்கவைத்துவிட்டு நீங்கள் டிம் போடுங்கள். பிறகு இடம் மாறி நீங்கள் போய் நில்லுங்கள். பலர் விளக்கைக் கழற்றப் புறப்படுவது இந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

எதிரே வருகிறவர் உங்களை பைக் என்று நினைத்து ஏறி வருகிறார்

ஒற்றைக்கண். ஒரு ஹெட்லைட் போய்விட்டது. இடது போனால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வலது போவது அதைவிட ஆபத்து. எரியும் ஒரே விளக்கு சாலையின் ஓரத்தில் தெரியும், எதிரே வருபவர் ஓரமாக ஒரு டூவீலர் வருகிறது என்று நினைத்து நடுவுக்கு வருவார். உங்கள் வண்டியின் வலது பாதி இருட்டில் அவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வழியில் இப்படி ஆனால் மாற்றும்வரை ஃபாக் லைட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேகத்தைக் குறைத்து இடதுபுறமே போங்கள்.

டிம் மட்டும் போய் பிரைட் எரிந்தால் பல்பின் ஒரு இழை போயிருக்கிறது. ஒரு பக்கத்தில் இரண்டும் எரியவில்லையென்றால் பல்பைக் குற்றம் சொல்வதற்கு முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பேறி, உருகி, ஒரு முனை கருகியிருக்கிறதா? 60/55 வாட்டுக்குச் செய்த வயரில் 100/90 வாட் பல்பை ரிலே (பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கும் குட்டிச் சுவிட்ச்) இல்லாமல் மாட்டினால் இதுதான் நடக்கும். கருகிய கப்ளரில் புதுப் பல்பு போட்டாலும் மறுபடி போகும், கப்ளரை மாற்றுங்கள். டெஸ்டரில் கரண்ட் வருகிறது, பல்பும் நல்ல பல்பு என்றால் எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி கெட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போனால் ஃபியூஸ் அல்லது ரிலே. நிறைய நாள் நிறுத்தியிருந்த வண்டி என்றால் எலி. பேட்டரி பக்கம் எலிப்புழுக்கை கிடந்தால் வயரை முழுக்கத் தடவிப் பாருங்கள். புகையிலையைக் கட்டித் தொங்கவிடும் வைத்தியத்தை எல்லோரும் சொல்கிறார்கள், எங்கள் வீட்டு எலி அதற்கும் பழகிவிட்டது.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகமாகச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். மாற்றிய பின் பின்பக்க ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். அடுத்த மழையில் விளக்குக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம், மெக்கானிக் கடையிலேயே தங்கிவிட்ட அந்த மூடிதான்.

இண்டிகேட்டர் படபடவென்று அடித்துக்கொள்கிறது

இது மட்டும் உங்களுக்கே கேட்கும் கோளாறு. அந்தப் பக்கத்தில் முன்னாலோ பின்னாலோ ஒரு 21 வாட் பல்பு போய்விட்டது. அதை நமக்குத் தெரிவிக்கத்தான் வேகமாக அடிக்கிறது. இறங்கிச் சுற்றிப் பாருங்கள், மாற்றுங்கள். பல்பு நன்றாக இருந்தும் அடித்தால், யாரோ எல்இடி போட்டிருக்கிறார்கள்.

பிரேக் பிடித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக மினுங்குகிறது

பேய் இல்லை, எர்த். பின்விளக்குக் கூட்டின் எர்த் வயர் துருப்பிடித்துவிட்டால் பிரேக் லைட்டின் கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழி தெரியாமல் பக்கத்துப் பல்பின் வழியாகத் திரும்பும். பாடியில் எர்த் வயரை முடுக்கியிருக்கும் திருகைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இறுக்கினால் தீர்ந்தது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது வருடாந்திர வேலை.

எனக்கே சாலை சரியாகத் தெரியவில்லை

பல்பை மாற்றும் முன் கண்ணாடியைப் பாருங்கள். அது கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட். வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஐந்தாறு வருடத்தில் மஞ்சள் பூத்துவிடும். டூத்பேஸ்ட் வைத்துத் தேய்க்கும் வித்தை ஒரு மாதம் தாங்கும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் 800, 1000, 2000 எண் உப்புத்தாள்களைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புறஊதாக் கதிர் தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும். பூச்சு இல்லாமல் விட்டால் முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். இதுவும் சரியென்றால் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். அதைவிடக் குறைந்தால் கோளாறு விளக்கில் இல்லை, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில்.

பல்பு எல்லாம் சரி, இன்னும் திட்டுகிறார்கள்

இனி ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிடலாம்.

டேஷ்போர்டில் நீல விளக்கு எரிகிறதா? அது பிரைட். ஊருக்குள் தெருவிளக்கு இருக்கும் சாலையில் அதற்கு வேலையே இல்லை. முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவில் கருப்புப் பொட்டு ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்துவார்கள். இப்போது பொட்டும் போய்விட்டது, பழக்கமும் போய்விட்டது. நாற்கரச் சாலையில் நடுவே செவ்வரளி நட்டு எதிர் வெளிச்சத்தை மறைத்திருக்கிறார்கள், பிழைத்தோம். இருவழிச் சாலையில் அரளி இல்லை, கை மட்டும்தான் இருக்கிறது. அங்கே நடப்பது ஒரு கௌரவப் போர். அவன் டிம் பண்ணட்டும், அப்புறம் நான். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டு வருகிறான். இருநூறு மீட்டரில் இரண்டு பேருக்கும் கண் தெரியாது, நடுவில் சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். எதிர் வண்டியைப் பார்த்ததும் முதலில் டிம் பண்ணுங்கள். அவர் பண்ணாவிட்டால் பழிவாங்கப் பிரைட் போடாமல், சாலையின் இடது வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

மாலை ஆறரை மணிக்கு, வண்டியின் முன்பக்கம் வெள்ளைப் பட்டை எரிகிறது, மீட்டரும் பளிச்சென்று இருக்கிறது, விளக்கு போட்டாகிவிட்டது என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எரிவது பகல் விளக்கு. பல வண்டிகளில் அப்போது பின்னால் ஒன்றுமே எரியாது. சுவிட்சைத் திருகுங்கள், அல்லது ஆட்டோவில் விட்டுவிடுங்கள். 2017 ஏப்ரலிலிருந்து வந்த புது டூவீலர்களுக்கு ஹெட்லைட் தானாகவே எரியும்படி விதி வந்தபோது, ஊரே விரலை மூடித் திறந்து ‘லைட் எரியுது’ என்று பைக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. எரியாத கார்களுக்கு யாரும் கை காட்டுவதில்லை.

மழையில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் வருபவருக்குத் தெரியாது. நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நாலையும் போடுவதும் அதே கதை. பக்கவாட்டில் நிற்பவருக்கு அதில் ஒரு பக்கம்தான் தெரியும், நீங்கள் திரும்பப் போவதாக நினைத்துக் கிளம்பிவிடுவார். அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு.

வண்டி நின்றுபோனால் அந்த நாலையும் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். பலகை இல்லாமல் வேப்பங்கொத்தும் கல்லும் வைப்பது நம் வழக்கம், ஆத்திர அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் வண்டி சரியானதும் எல்லோரும் ஏறிப் போய்விடுவார்கள், கல் சாலையிலேயே கிடக்கும். இரவு பதினோரு மணிக்கு அந்தக் கல்லைப் பார்க்கப்போவது ஒரு டூவீலரின் முன்சக்கரம்.

பார்த்ததைச் சொல்வதும் ஒரு வேலைதான். ஓடும்போது ஒட்டிப் போய்க் கத்த வேண்டாம், பயந்துவிடுவார்கள். சிக்னலிலோ பங்கிலோ நிற்கும்போது சொல்லுங்கள். போன வாரம் டோல்கேட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற காருக்குப் பின்னால் ஒரு விளக்கும் இல்லை. மணி எட்டரை. வரிசை நகராததால் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

“சார், உங்களுக்குப் பின்னாடி எதுவுமே எரியல.”

“தெரியும் சார்,” என்றார் பொறுமையாக. “வண்டியப் பகல்ல மட்டும்தான் எடுக்குறது.”